மறையாத கடைசி உறுப்பு

மே மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மாணவர் சேர்க்கை விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. கோவையில் ஒரு கல்லூரியில் நான் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் ஆய்வு செய்யும் டீச்சர் ஒருவரின் ஆய்வேட்டை இரண்டு தேர்வாளர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருவர் சம்மதம் தந்துவிட்டார். இன்னொருவர் ஒரே ஒரு கேள்வியோடு திருப்பியிருந்தார். "பக்கம் நாற்பத்தொன்று, தேற்றம் மூன்று. கடைசி உறுப்பு பூச்சியத்தை நெருங்குவது ஏன்? விளக்கவும்." பதில் தர ஐம்பது நாள்.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் நான். நூற்றிருபது பக்கத்தில் இவருக்கு இது ஒன்றுதான் கிடைத்ததா என்று பக்கத்து அறைக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். பிறகு பக்கம் நாற்பத்தொன்றைத் திறந்தேன். அந்த வரி டீச்சருடையது இல்லை. பத்து வருடத்துக்கு முன் நான் வெளியிட்ட கட்டுரையிலிருந்து, மேற்கோள் எண் போட்டு, அப்படியே எடுத்து எழுதியிருந்தார்.

டீச்சர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். கிணத்துக்கடவில் பிறந்து, வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே குடியிருப்பவர். பார்ட் டைம் ஆய்வாளர். ஏழு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் முதல் பஸ் பிடித்து, நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பொள்ளாச்சியில் மாறி, பதினொரு மணிக்கு என் அறை வாசலில் வந்து நிற்பார். கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். வாந்தி வராமலிருக்க முகர்ந்துகொண்டே வருவார். ஓய்வு பெற நான்கு வருடம்தான் மீதி. இந்தப் பட்டத்தால் சம்பளமும் கூடாது, பதவியும் வராது. "எதுக்குங்க டீச்சர் இந்தப் பாடு?" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு வேணுமுங்க மேடம்," என்றார்.

அவர் வேலை செய்யும் முறையே தனி. கோடு போடாத நீள நோட்டு. வலப்பக்கம் கணக்கு, இடப்பக்கம் பென்சிலில் சந்தேகம். ஒரு சந்தேகம் தீர்ந்ததும் அதை ரப்பரால் சுத்தமாக அழித்துவிடுவார். ஒரு நோட்டு முடிந்தால் இடப்பக்கங்கள் எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும், அதுதான் அவர் கணக்கு. நான் இதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து டீச்சர் புத்தி எங்கே போகும் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் துறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பயப்பட வேண்டாம். ஒன்று, பூச்சியம், ஒன்று, பூச்சியம் என்று போகிற எண் வரிசை எந்த இடத்திலும் நிலைகொள்வதில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் அதுவரை வந்த எண்களின் சராசரியை எடுத்துக்கொண்டே போனால், அந்தச் சராசரி அரை என்ற எண்ணில் போய் அடங்கிவிடும். இப்படி அடங்காத வரிசைகளை ஏதாவது ஒரு முறையில் அடக்கிப் பார்ப்பது எங்கள் தொழில். ஒரு முறைக்கு அடங்குகிற வரிசைகளையெல்லாம் சேர்த்தால் அது ஒரு வெளி. முடிவில்லாமல் நீளும் எண்களின் சதுரக் கட்டத்தை அணி என்போம். அந்த அணி ஒரு வரிசையை எடுத்து இன்னொரு வரிசையாக மாற்றும். எந்தெந்த அணி, இந்த வெளியில் எந்த வரிசையைக் கொடுத்தாலும், தவறாமல் அந்த வெளிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்? இதைக் கண்டுபிடித்து எழுதினால் ஒரு கட்டுரை.

எங்களில் பாதிப் பேர் செய்வது இட்லி ஊற்றுகிற வேலை, மறைக்க என்ன இருக்கிறது. தட்டு அதே தட்டு, மாவு மட்டும் புதிது. எண்களுக்கு வேறு வேறு எடை கொடுத்துப் புதிதாக ஒரு சராசரி முறை, அதற்கு ஒரு வெளி, அதே நான்கு தேற்றம். ஆனால் தட்டில் ஓர் இடம் சூடானது. வரிசையின் கூட்டலை அதன் சராசரிகளைக் கொண்டு திருப்பி எழுதும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் கடைசியில் கூட்டலின் ஒரு துண்டு, ஓர் உறுப்பு, மிஞ்சும். முடிவிலிக்குப் போகும்போது அது என்ன ஆகிறது என்று பார்த்துத்தான் மேலே நகர வேண்டும். கவனமாக எழுதுகிறவர்கள் அதற்கென்று தனியாக ஒரு நிபந்தனை போடுவார்கள். அந்த நிபந்தனை தேவையில்லை என்று என் கட்டுரையில் நான் பெருமையாகவே எழுதியிருந்தேன். "கடைசி உறுப்பு தெளிவாகவே பூச்சியத்தை நெருங்குகிறது" என்பது நான் எழுதிய வரி. அந்தச் சுருக்கத்துக்காகத்தான் கட்டுரையைப் பாராட்டினார்கள்.

அன்று நாலு மணிக்கு அறையைச் சாத்திக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளில் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம் ஆகவில்லை. சாதாரணச் சராசரியையே எடுத்துக்கொண்டேன். அணியில் எல்லா எண்ணும் ஒன்று, வரிசையிலும் எல்லாம் ஒன்று. என் தேற்றத்தின்படி பெருக்கினால் எல்லாம் அடிபட்டுப் பூச்சியம் வருகிறது. அப்படியானால் ஒன்று, ஒன்று, ஒன்று என்று முடிவில்லாமல் கூட்டினால் கூட்டுத்தொகை பூச்சியம். மொத்தம் என்பது சராசரியை எண்ணிக்கையால் பெருக்கியது, இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அந்த மொத்தம் முழுசாக, நான் தூக்கி எறிந்த கடைசி உறுப்பில் உட்கார்ந்திருந்தது. காது சூடாகிவிட்டது. தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

வழி இல்லாமல் இல்லை. விட்டுப்போன நிபந்தனையைச் சேர்த்தால் டீச்சரின் தேற்றம் பிழைத்துக்கொள்ளும். ஒரு கிளைத்தேற்றத்தை எடுத்துவிட்டு, ஆறு பக்கம் திருத்தி எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முதலில் நான் வாயைத் திறக்க வேண்டும். அந்த மாதம்தான் என்னைத் துறைத்தலைவர் ஆக்குவதாகப் பேச்சு. அதைக் காரணமாகச் சொன்னால் பாதிப் பொய். தப்பு என்று ஒத்துக்கொண்டு எனக்குப் பழக்கமே இல்லை, அதுதான் முழு உண்மை.

சனிக்கிழமை டீச்சர் வந்தார். எலுமிச்சம்பழத்தை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நோட்டைப் பிரித்தார்.

"ஏனுங்க மேடம், அந்த வரி உங்க பேப்பர்ல இருக்கறதுதானுங்களே. அங்க கடைசி உறுப்பு எப்படிங்க பூச்சியமாகுது?"

"அது வேறங்க டீச்சர். உங்க எடைகள் வேற. உங்க குறியீட்டுல எங்கியோ சிக்கல் இருக்குது, நல்லாப் பாருங்க."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்க மேடம்," என்றார். நோட்டை மூடி வைத்துவிட்டு நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

அடுத்த வாரம் குறியீட்டை மாற்றிப் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதே இடத்தில் அதே உறுப்பு மிஞ்சியது. "பூச்சியத்துலிருந்து எண்ணாம ஒண்ணுலிருந்து எண்ணிப் பாருங்க," என்றேன். அதற்கடுத்த வாரம் ஒன்றிலிருந்து எண்ணி எழுதிக்கொண்டு வந்தார். நான்காவது வாரம் எடைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொன்னேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் ஏதாவது ஒரு விண்ணப்பத்தை எடுத்து விரித்துக்கொள்வேன். போனதும் என் மேலேயே ஆத்திரமாக வரும், அதை வீட்டில் இருக்கிறவர்கள் மேல் கொட்டுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதுவும் அந்தச் சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தவர் இலையிலேயே.

ஐந்தாவது வாரம் ஆய்வுப் பிரிவு அலுவலகத்துக்குப் போய் அவகாசம் கேட்டுப் பார்த்தேன். அங்கே இருந்த எழுத்தர் மரியாதைக்குக் குறை வைக்கவில்லை.

"எல்லா நீட்டிப்பும் வாங்கியாச்சுங்க மேடம். அம்பதாவது நாள், வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வந்துரோணுமுங்க. அப்புறம் பதிவு ரத்துங்க, நாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"ஏழு வருச வேலைங்க."

"தெரியுமுங்க. சிஸ்டத்துக்குத் தெரியாதுங்களே."

ஆறாவது சனிக்கிழமை டீச்சர் நோட்டே பிரிக்கவில்லை. மலையில் மழை பிடித்துவிட்டது, சேலை ஓரமெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. தோட்டத்தில் காய்த்த பட்டர் ஃப்ரூட் நான்கு கொண்டுவந்திருந்தார். அதை என் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஏதாச்சும் எங்கிட்டச் சொல்லோணுமுங்களா?"

மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினேன். "இல்லீங்களே," என்றேன். "நீங்கதான் இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணோணும்."

அவர் எழுந்து, நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளினார். "வாரேனுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டர் ஃப்ரூட்டை நான் தொடவில்லை, மேஜையிலேயே கிடந்து அழுகியது.

ஏழாவது சனிக்கிழமை அவர் வரவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். போன் போகவில்லை. ஞாயிறும் போகவில்லை, திங்களும் போகவில்லை. பதிலில் அவர் கையெழுத்தும் வேண்டும், என் கையெழுத்தும் வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. திங்கள் மாலை பாதை திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு உக்கடத்தில் பஸ் ஏறினேன்.

பொள்ளாச்சி தாண்டி, ஆழியாறு தாண்டி, வளைவுகள் ஆரம்பித்தன. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு இரண்டும் இருந்தது. ஒன்பதாவது வளைவில் வாந்தி எடுத்தேன். பதினெட்டாவதில் ஒரு பெரிய மரத்தை அறுத்து ஓரமாகத் தள்ளியிருந்தார்கள், பஸ் அதை உரசிக்கொண்டு ஊர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "முன்னாடியே பாருங்க அம்மணி, கீழ பாக்காதீங்க," என்றார். இந்தப் பாதையில் டீச்சர் ஏழு வருடம், வாரம் இரண்டு தடவை. ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட நான் இதை நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

டீச்சரின் குடியிருப்பு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. முதலில் என் காலைத்தான் பார்த்தார். உப்பு எடுத்து வந்து, கணுக்காலில் கடித்துக்கொண்டிருந்த இரண்டு அட்டைகள் மேல் தூவினார். அவை சுருண்டு விழுந்தன.

"உள்ள வாங்க மேடம். டீ போடறனுங்க."

"டீ வேண்டாங்க. முதல்ல நான் சொல்லிப்போடறேன்." நின்றபடியே சொன்னேன். "பக்கம் நாப்பத்தொண்ணு தப்புங்க டீச்சர். உங்க தப்பு இல்ல, என்னோடது. என் பேப்பரே தப்பு. கேள்வி வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஆறு வாரம் உங்களை அலைய உட்டேன்."

அவர் உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் பெட்டியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். முதலாம் ஆண்டு என்று அட்டையில் எழுதியிருந்தது. ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். இடப்பக்கங்கள் எல்லாம் வெள்ளை, ரப்பர் தேய்த்த தடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஒரு தாளில் நிறுத்தி என் பக்கம் திருப்பி வைத்தார். அந்த இடப்பக்கம் அழிக்கப்படாமல் இருந்தது.

பென்சிலில், குண்டு குண்டான எழுத்தில்: "அணி எல்லாம் ஒன்று. தேற்றப்படி பூச்சியம். ஆனால் 1 + 1 + 1 + ... பூச்சியமா? மேடத்திடம் கேட்க வேண்டும்." அதற்குக் கீழே இன்னொரு வாரத்தில் எழுதியது: "கேட்டேன். தெளிவுதான் என்று சொல்லிவிட்டார்கள். என் புரிதலில்தான் குறை."

உட்கார்ந்து அதை இன்னொரு தடவை படித்தேன். அவர் என்னிடம் கேட்ட நாள் எனக்கு நினைவில் இல்லை. எப்படிக் கேட்டார், நான் என்ன வேலையாக இருந்தேன், சிரித்தேனா, எரிந்து விழுந்தேனா, ஒன்றுமே நினைவில் இல்லை.

"அப்ப உங்களுக்கும் தெரியுமுங்களா?"

"கேள்வி வந்ததுமே இந்த நோட்டை எடுத்துப் பாத்தனுங்க. அப்பவே தெரிஞ்சு போச்சுங்க."

"அப்புறம் எதுக்குங்க குறியீட்டை மாத்தி மாத்தி எழுதிட்டு வந்தீங்க?"

"நீங்க பாக்கச் சொன்னீங்களே மேடம்."

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து போய் டீத்தூள் போட்டுவிட்டு, எனக்கு முதுகு காட்டியபடியே பேசினார்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. உங்களப் பாத்துத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வருமுங்களா? ஒவ்வொரு வாரமும் பஸ்ஸுல இன்னைக்குச் சொல்லுவாங்க, இன்னைக்குச் சொல்லுவாங்கன்னு நெனச்சுட்டே வருவனுங்க. ஆறு வாரம் ஆயிப்போச்சுங்க. போன சனிக்கிழமை பஸ்ஸு ஓடியிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டனுங்க மேடம்."

"பதிவு ரத்தாயிருமுங்களே டீச்சர்."

"ஆகட்டுமுங்க. பொய்யின்னு தெரிஞ்சதுக்கு மேல அந்தப் பட்டத்த வாங்கி என்னங்க பண்ண?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து என் முன்னால் வைத்தார். நான் அழுதுவிட்டேன். அவர் சமாதானமும் சொல்லவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. நான் முடிக்கும் வரை காத்திருந்து, "எழுதலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் புது நோட்டைப் பிரித்தார்.

மத்தியானம் முழுக்க எழுதினோம். உண்மையில் அவர்தான் எழுதினார். நிபந்தனையைச் சேர்த்து, தேற்றத்தைத் திருப்பி நிறுவி, கிளைத்தேற்றத்தை நீக்கி, எல்லாம் முன்பே அவர் மனதில் தயாராக இருந்தது. நடுவில் இரண்டு இடத்தில் நான் அவசரப்பட்டேன். "இருங்க மேடம்," என்று கையைக் காட்டி நிறுத்தினார். நான் நின்றேன்.

கடைசிப் பத்தியில், பிழை எப்படி நேர்ந்தது என்று தேர்வாளருக்குச் சொல்ல வேண்டும். "ஆய்வாளரின் கவனக்குறைவால்" என்று எழுதியிருந்தார். நான் நோட்டை வாங்கி, அதை அடித்துவிட்டு எழுதினேன்: "இப்பிழை நெறியாளரின் கட்டுரையில் உள்ளது. இதைக் காட்டும் எடுத்துக்காட்டை ஆய்வாளர் முதலாம் ஆண்டிலேயே கண்டறிந்து கேட்டார். நெறியாளர் அதைக் காதில் வாங்கவில்லை."

"அப்படியெல்லாம் வேண்டாமுங்க மேடம். உங்க பேரு கெட்டுப்போகுமுங்க."

"பேரு பேப்பர்லயே கெட்டாச்சுங்க டீச்சர்."

அவர் அந்த வரிகளைத் திரும்பப் படித்தார். ரப்பரை எடுத்தார், பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

புதன்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் இறங்கினோம். எலுமிச்சம்பழத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமை மூன்று மணிக்கு அலுவலகத்தில் கொடுத்தோம். எழுத்தர் முத்திரை குத்திவிட்டு, "ஒரு நாள் முன்னாடியேங்களா," என்றார். என் கட்டுரை வந்த இதழுக்கும் திருத்தம் அனுப்பினேன். துறைத்தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. இதனால்தானா என்று நான் கேட்கவில்லை, கேட்கும் தகுதியும் எனக்கு இருக்கவில்லை.

கார்த்திகையில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, நடந்தது. கிணத்துக்கடவிலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து, கணிதம் புரியாவிட்டாலும் முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட தேர்வாளரே நேரில் வந்திருந்தார். அந்த எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார். டீச்சர் ஒரு வரிசை முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று என்று போட்டு, கடைசி உறுப்பைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தார்.

"அழகா இருக்கும்மா," என்றார் தேர்வாளர். "இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாளாச்சு?"

டீச்சர் சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"கண்டுபிடிக்க ஒரு சாயங்காலந்தானுங்க சார். நான் கண்டது சரின்னு நம்பத்தான் ஏழு வருசம் ஆயிப்போச்சுங்க."

கூடத்தில் எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். நானும் தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். முடியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.